முடிவெடுப்பவர் எந்த நாற்காலியில்?

ஹனூரில் எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர் கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, சத்துமாவாக அரைத்து விற்கிறார். மைசூருவில் உள்ள ஒரு பெரிய தொழிற்சாலையின் உணவுக்கூடத்துக்கு மாவு வழங்க அவருக்கு விருப்பம். “யாருக்கு எழுதலாம் சார்?” என்று கேட்டார். “தலைமை நிர்வாகிக்கே எழுதுங்கள் அம்மா, மேலே சொன்னால் கீழே தானாக நடக்கும்” என்றேன். ஐந்து கடிதங்கள் சென்றன. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆணை வரும் என்று நம்பி வாங்கிய கேழ்வரகு கிடங்கில் கிடக்கிறது. நடைமுறை மூலதனக் கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறுகிறது.

பிறகு நேரில் சென்று விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. மாவின் தரத்தை ஏற்பவர் உணவுக்கூட மேற்பார்வையாளர். விலையைப் பேசுவது கொள்முதல் பிரிவு. பணத்தை விடுவிப்பது கணக்குப் பிரிவு. தலைமை நிர்வாகியின் மேசைக்கு இத்தகைய கடிதங்கள் வந்து சேர்வதே இல்லை.

வங்கி ஊழியனான நான் இந்த யோசனையைச் சொல்லியிருக்கவே கூடாது. நாங்கள் அன்றாடம் கடன் வழங்கும் சுய உதவிக் குழுக்களின் வரலாறே இதற்குப் பாடம். திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காக 1968இல் தொடங்கப்பட்டது மைராடா நிறுவனம். (ஹனூரை அடுத்த ஒடெயரபாளையத்தில் இன்றும் திபெத்தியர் குடியிருப்பு உண்டு.) பின்னாளில் அது கிராமங்களில் கூட்டுறவுச் சங்கங்களை ஊக்குவித்தது. தலைவர்கள்மீது நம்பிக்கை இழந்த உறுப்பினர்கள் 1984-85இல் பிரிந்து, ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு குழுக்களாகச் சேர்ந்தனர். சேமித்தனர், தமக்குள் கடன் கொடுத்தனர், ஒழுங்காகத் திருப்பியும் செலுத்தினர்.

அக்குழுக்களுக்கு வங்கிக் கடன் வேண்டியிருந்தது. கிளை மேலாளருக்கு மனம் இருந்தாலும், பதிவு செய்யப்படாத குழுவுக்குக் கடன் கொடுக்க விதி இடம் தரவில்லை. அவரிடம் எத்தனை முறை மன்றாடினாலும் பயனில்லை. ‘ஆம்’ என்று சொல்லும் அதிகாரம் அவர் நாற்காலியில் இல்லை. மைராடா நபார்டு வங்கியை அணுகியது. 1987இல் குழுக்களின் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் நிதி கிடைத்தது. குழுக்கள் கடனை எவ்வாறு நிர்வகிக்கின்றன என்பதை நபார்டு நேரில் காணும் வாய்ப்பும் அதனால் உண்டாயிற்று. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வந்தது. 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு தொடங்கியது. மறுத்த அதே கிளை மேலாளர்கள் அதன்பின் கையெழுத்திட்டார்கள்.

இந்த இரு நிகழ்வுகளும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன என்பதைக் கவனியுங்கள். குழுக்களுக்கு மேலே செல்ல வேண்டியிருந்தது. மாவு விற்பவருக்குக் கீழே வர வேண்டியிருந்தது. ஆகவே, ‘பெரியவரைப் பிடி’ என்ற ஊர் வழக்கை நான் இப்போது நம்புவதில்லை. விதி தடுக்கிறதா, அல்லது யாரும் இன்னும் பொருளைப் பார்க்கவில்லையா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

எங்கள் வங்கியிலும் இதே நிலைதான். கடன் விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதம் பெற்று நேராக மண்டல அலுவலகம் செல்வோர் பலர். அவர்களது கோப்பு கிளைக்கே திரும்பி வரும். ஏனெனில் மேலிடம் படிப்பது கிளை அலுவலர் எழுதும் மதிப்பீட்டுக் குறிப்பைத்தான். “இத்தொகையை அனுமதிக்கும் அதிகாரம் இங்கே உண்டா? இல்லையென்றால் யாருக்கு? அவருக்கு நீங்கள் எழுத என்ன ஆவணம் வேண்டும்?” என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதை எந்த நல்ல அலுவலரும் அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்.

அரசுத் துறைகளுக்கு விற்க நினைப்போர்க்கு ஒரு செய்தி. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் பெற வேண்டும் என்பது கொள்கை. அதில் 3 சதவீதம் பெண் தொழில்முனைவோர்க்கு உரியது. உத்யம் பதிவு இல்லாமல் அந்தக் கதவைத் தட்ட இயலாது. நம் வாடிக்கையாளரிடம் அந்தப் பதிவுகூட இல்லை. சென்ற வாரம்தான் கிளையில் அமர்ந்து செய்து கொடுத்தோம்.

வரும் செவ்வாயன்று அவர் இரண்டு கிலோ மாவுடன் உணவுக்கூட மேற்பார்வையாளரைச் சந்திக்கிறார். இம்முறை நானும் உடன் செல்கிறேன். அவருடைய கடன் கணக்கின் மறு ஆய்வு இம்மாத இறுதியில் வருகிறது.