மைனர் பெயரில் இழப்பீடு: 18 வயது வரை அந்தப் பணத்துக்கு என்ன நடக்கிறது?

சாலை விபத்தில் குடும்பத் தலைவர் இறந்துபோனால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு பிரிக்கும். மனைவியின் பங்கில் ஒரு பகுதியாவது கைக்கு வரும். ஆனா, 18 வயது நிரம்பாத பிள்ளையின் பங்கு நேராக வங்கிக்குப் போய்விடும். "எங்க பணத்தை எங்ககிட்டயே ஏன் தரமாட்டேங்கிறாங்க?" என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் இந்தப் பூட்டு?

அந்தப் பணம் அம்மாவுடையதும் அல்ல, சித்தப்பாவுடையதும் அல்ல, பிள்ளையுடையது. கடன்காரர், உறவினர், இடைத்தரகர் என யார் கையிலும் கரைந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிமுறைகளை வகுத்தது. அதன்படி மைனரின் பங்கை, அவர் மேஜர் ஆகும் வரை ஃபிக்ஸட் டெபாசிட்டில் வைக்க வேண்டும். தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் அதன் மீது கடன் வாங்கவோ, முன்கூட்டியே உடைக்கவோ முடியாது.

வட்டி யாருக்கு?

தமிழ்நாட்டில் பெரும்பாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்டியன் வட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவிலேயே இருக்கும். உதாரணத்துக்கு, 4 வயதுக் குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய், 6.5% வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 32,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு சுமார் 8,100 ரூபாய்.

இங்கேதான் சிக்கல். வட்டியை எடுத்துக்கொண்டே வந்தால், 14 ஆண்டு கழித்தும் அசல் அதே 5 லட்சம்தான். விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால், அதன் மதிப்பு பாதியாகிவிடும். பணம் பத்திரமாக இருக்கும், ஆனா அதை வைத்து வாங்கக்கூடியது குறைந்துபோகும்.

இடையில் அவசரம் வந்தால்?

படிப்பு, சிகிச்சை போன்ற செலவுக்கு, கார்டியன் அதே தீர்ப்பாயத்தில் மனு போடலாம். ஃபீஸ் ரசீது, மருத்துவமனை மதிப்பீடு என ஆதாரம் வேண்டும். செலவு பிள்ளையின் நலனுக்குத்தானா என்று பார்த்துதான் அனுமதி கிடைக்கும். இப்படி வரும் மனுக்களை இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது, குடும்பச் சூழலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது.

சொத்தாக வந்தால்?

இந்து மைனரின் தனிச் சொத்தாக வீடோ நிலமோ இருந்தால், 1956-ம் ஆண்டு இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 8-வது பிரிவு பொருந்தும். பெற்றோரே ஆனாலும் கோர்ட் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மீறி விற்றால், பிள்ளை மேஜரான பிறகு 3 ஆண்டுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடலாம். பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தில் உள்ள பங்குக்கு இந்த விதி பொருந்தாது.

18 வயது ஆனதும் தானாக வருமா?

வராது. மேஜராகிவிட்டதாக அறிவித்து, பணத்தை விடுவிக்கக் கோரி மனு போட வேண்டும். வயதுக்கு பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ், கூடவே தீர்ப்பு நகல், வங்கிக் கணக்கு விவரம், ஆதார் ஆகியவை தேவைப்படும்.

பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். வீடு மாறியிருப்பார்கள், வழக்கறிஞரின் தொடர்பு விட்டுப்போயிருக்கும், பிள்ளைக்கு இப்படி ஒரு டெபாசிட் இருப்பதே தெரியாது. தீர்ப்பாயங்களில் கோடிக்கணக்கில் இழப்பீட்டுத் தொகை கேட்பாரற்றுக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. உரியவர்களின் வங்கி, ஆதார் விவரங்களைத் தொடக்கத்திலேயே வாங்கிவைக்க வேண்டும் என 2025-ல் உத்தரவிட்டது.

ஆக, குடும்பங்கள் பத்திரப்படுத்த வேண்டியவை மூன்று: வழக்கு எண், தீர்ப்பு நகல், டெபாசிட் ரசீதின் நகல். பிள்ளைக்கு விவரம் புரியும் வயது வந்ததும், இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவைத்துவிட வேண்டும்.