புகாரை மூடினால் குறை தீருமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில், கணிப்பொறி வேலை பார்க்கும் பிள்ளை இல்லாத வீடு இன்று அபூர்வம். சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு தகராறு பற்றி நாமும் யோசிக்கலாம்.

லினக்ஸ், ஃபயர்பாக்ஸ் போன்றவை திறமூல மென்பொருள்கள். நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பழுது கண்டவர் புகார் எழுதலாம். புது வசதி வேண்டுவோர் கோரிக்கை வைக்கலாம். இத்தகைய மென்பொருள்களைப் பராமரிப்போரில் பலர் சம்பளமில்லாத தொண்டர்கள். புகார்களோ மலையாகக் குவிகின்றன. ஆகவே 60 நாள் அசைவற்றுக் கிடக்கும் புகாருக்கு எச்சரிக்கை கொடுத்து, மேலும் 7 நாளில் தானாகவே மூடும் இயந்திர ஏற்பாட்டைப் பலர் வைத்திருக்கிறார்கள். எழுதியவருக்குக் கோபம், பராமரிப்பவருக்கு அலுப்பு.

ரயில் பாதையில் பழுதான இடத்தில் வேகக் கட்டுப்பாடு போடுவோம். இரண்டு மாதம் எந்த ஓட்டுநரும் முறையிடவில்லை என்பதற்காக அதை எடுப்பதில்லை. வேலை முடிந்து, பொறுப்பானவர் பார்த்துச் சொன்ன பிறகே எடுப்போம். மௌனம் சான்றாகாது. ஃபயர்பாக்ஸில் தோன்றும் சிறு குறிப்புப் பெட்டி, வேறு திரைக்கு மாறிய பின்னும் மறையாமல் நிற்பதாக 2002-இல் பதிவான புகார் 2023-இல்தான் தீர்ந்தது. நாள் கடந்ததால் பழுது போய்விடவில்லை.

கோரிக்கை வேறு. ஒவ்வொரு ஊரிலும் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டுமென்றால் வண்டி போய்ச் சேராது. மறுக்கப் பராமரிப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் காரணம் சொல்ல வேண்டும். புதிய ஆதாரம் வந்தால் மீண்டும் பார்க்கவும் வேண்டும்.

யூனிகோட் என்பது மென்பொருள் அல்ல, எழுத்துக்களுக்கான தரம். அங்கும் இதே கதைதான். உற்சவம், சிகிச்சை என்பவற்றுக்கான வங்காளச் சொற்களில் வரும் ‘கண்ட த’ எழுத்துக்குத் தனி எண் இல்லாதிருந்தது. வேறு குறிகளைச் சேர்த்தே அதை எழுதலாம் என்பது பழைய நிலை. வாதங்களைக் கேட்டு அதை மாற்றிக்கொண்டு, 2005-இல் 4.1 பதிப்பில் தனி எண் தந்தார்கள். நம் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் ‘டேஸ் 16’ முறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது; யூனிகோட் ஏற்கவில்லை. ஒருமுறை இட்ட எண்ணை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. நமக்கு வருத்தம்தான், ஆனாலும் எதை எதிர்த்து வாதாட வேண்டும் என்பதாவது தெரிகிறது.

எழுதுகிறவருக்கும் கடமை உண்டு. முன்பே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். புதிய பதிப்பில் சோதித்துப் பார்க்க வேண்டும். பழுது எப்படி வருகிறதென்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் சரிசெய்ய முடியாது.

பராமரிக்கும் பொறுப்பில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முடியாததை முடியாது என்று இரண்டு வரியில் எழுதி, உங்கள் கையாலேயே மூடுங்கள். அந்த வேலையை இயந்திரத்திடம் விடாதீர்கள்.