நடைபிணங்களும் நமது நகைப்பும்

பிணம் எழுந்து நடக்கிறது. அதன் நடுவே ஒருவன் ஒருத்தியைக் காதலிக்கிறான். இவ்விரண்டையும் ஒருங்கே கண்டு பார்வையாளர் நகைக்கின்றனர். இத்தகைய திரைப்படங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் பெருகி வந்துள்ளன. 2004 இல் ஆங்கிலத்தில் 'ஷோன் ஒஃப் த டெட்', 2013 இல் 'வோர்ம் பொடீஸ்', அதே ஆண்டில் இந்தியில் 'கோ கோவா கோன்' என வந்த வரிசையில், 2016 இல் சக்தி சௌந்தர் ராஜனின் 'மிருதன்' தமிழின் முதலாவது ஜாம்பிப் படம் என்ற விளம்பரத்தோடு வெளிவந்தது. ஜாம்பி என உலகு வழங்கும் இவ்வுருவை நடைபிணம் என்றே நாம் கூறலாம். அச்சொல் நம் வழக்கில் முன்னரே உண்டு. கல்முனைக் கரையோரத்திலாயினும், கிட்டங்கிக்கு அப்பால் வயல் சூழ்ந்த சவளக்கடையிலாயினும், இப்படங்கள் இன்று பெரும்பாலும் தொலைக்காட்சி வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் வீடுகளுள் நுழைகின்றன. ஆதலின் இவற்றைப் பற்றிய விசாரணையைத் திரைப்பட இரசிகருக்கு மட்டும் உரியதெனத் தள்ளிவிடல் இயலாது.

இவ்விடயத்தில் இரு சாரார் தத்தம் கட்சியை நிலைநாட்ட முற்படுகின்றனர். இறந்தோரைக் கண்டு சிரிப்பது பண்பற்றது, பிணத்தையும் காதலையும் கலப்பது தமிழ் மரபுக்கு ஒவ்வாத மேனாட்டுச் சரக்கு என்பர் முதற் சாரார். இவர்களுட் பலர் ஆசிரியர். சிலர் சமயப் பற்றாளர். பொழுதுபோக்குக்கு எடுத்த படத்தில் நீதி தேடுவது வீண் முயற்சி, சிரித்துவிட்டு எழுந்து போவதே பார்வையாளன் கடன் என்பர் மறு சாரார். இவர்களுட் பலர் மாணவர். இவ்விரு கட்சிகளும் தவறானவை என்பதே எமது துணிபு.

முதற் சாராரை முதலில் நோக்குவோம். மரபு மரபு என்று முழங்கும் இவர்கள், வகுப்பறையில் கலிங்கத்துப்பரணியைக் கற்பிக்கும்போது என்ன செய்கின்றனர்? செயங்கொண்டார் பாடிய அப்பரணியிலே கடைதிறப்பு உண்டு. ஊடிய மகளிரைக் கதவு திறக்குமாறு வேண்டும் இன்பச் சுவை அது. அதே நூலிலே போர்க்களத்துப் பேய்கள் மாண்ட வீரரின் உடலங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன, பகிர்ந்துண்டு களிக்கின்றன. காதலும் பிணமும் நகையும் ஒரே நூலில், பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே, தமிழில் ஒருங்கு நின்றன. அதனை நகைச்சுவை நயம் எனப் பாராட்டிப் பரீட்சை வினாவும் அமைத்துவிட்டு, திரையில் அவ்வாறே நிகழும்போது மட்டும் முகஞ் சுளிப்பது எவ்வகை நேர்மை? தொல்காப்பியர் எள்ளலை நகையின் நிலைக்களனாகவும், பிணியை இளிவரலின் நிலைக்களனாகவும், விலங்கை அச்சத்தின் நிலைக்களனாகவும் வகுத்தார். மிருகத்தையும் மனிதனையும் ஒருசேரக் குறிக்கும் பெயரைத் தாங்கிய மிருதனிடத்து இம்மூன்றும் ஒன்றாய் எழுவதில் வியப்பில்லை. அஞ்சியவன் சிரிப்பது மனித இயல்பு. அச்சிரிப்பைக் குற்றமாக்குவது பயனற்றது.

இனி மறு சாராருக்கு வருவோம். வெறும் பொழுதுபோக்கு என்ற சொல் ஒன்றையும் விளக்குவதில்லை. நடைபிணத்தின் பிறப்பே பொழுதுபோக்கில் நிகழ்ந்ததன்று. ஹெயிட்டித் தீவில், பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற ஆபிரிக்க அடிமைகளின் வாழ்வோடு பிணைந்த நம்பிக்கை அது. மரணம்கூட விடுதலை தராது, இறந்த பின்னும் எசமானுக்கு உழைக்க நேரும் என்ற பேரச்சமே அவ்வுருவம். 1932 இல் வந்த 'வைட் ஸொம்பி' என்ற படம் அவ்வுருவைக் கரும்பாலையில் உழைக்க வைத்துக் காட்டியது. 1968 இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தில் நடைபிணம் ஊனுண்ணும் கூட்டமாயிற்று. அப்படத்தின் முடிவு கருதத்தக்கது. இரவு முழுதும் போராடி உயிர் தப்பிய கறுப்பின நாயகன், விடிந்ததும் ஆயுதமேந்திய வெள்ளையர் குழுவால் நடைபிணம் எனக் கருதப்பட்டுச் சுடப்படுகிறான். அவன் உடல் பிற உடல்களோடு தீயில் இடப்படுகிறது. இன்னான் நோயுற்றவன், இன்னான் மனிதனல்லன் எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் யார் கையில் உள்ளது என்ற வினாவை அப்படம் எழுப்பியது. அவ்வினாவை மறந்து நடைபிணத்தின் தோற்றத்தை மட்டும் கடன் வாங்கும்போது, எஞ்சுவது சுடுவதற்கு வசதியான இலக்குகளே.

'மிருதன்' இக்குறைக்கு நல்ல சான்று. உதகமண்டலத்தின் போக்குவரத்துக் காவலன் ஒருவன். தங்கையே அவன் உலகம். வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் வைத்தியரை அவன் ஒருதலையாக நேசிக்கிறான். நச்சுத் திரவம் ஒன்றை நக்கிய நாயிலிருந்து நோய் பரவி ஊரே உருமாறுகிறது. நேற்று வரை அதே மலைநகரில் கடை வைத்திருந்தோர், வண்டி ஓட்டியோர், பிள்ளை வளர்த்தோர் அனைவரும் பெயரின்றித் திரண்டு வருகின்றனர், நாயகன் அவர்களைத் துப்பாக்கியால் வீழ்த்துகிறான், பார்வையாளர் ஆரவாரிக்கின்றனர். இறுதியில் நாயகனே கடிபட்டு மிருதனாகிறான். அப்போதோ இசை உருகுகிறது. நோய் பற்றிய பின்னும் அவனுள் காதல் எஞ்சி நிற்பதாகப் படம் காட்டுகிறது. ஆரவாரித்த அதே பார்வையாளர் கண்கலங்குகின்றனர். நாயகன் உள்ளத்தில் காதல் எஞ்சுமாயின், அவன் சுட்டு வீழ்த்திய நூற்றுக்கணக்கானோர் உள்ளத்தில் எதுவும் எஞ்சவில்லை என்று யார் கண்டது? இவ்வினாவைப் படமும் கேட்கவில்லை, பார்வையாளரும் கேட்கவில்லை. எமது வழக்கு இதுவே: நாம் சிரித்தது பிழையன்று, ஒருவனுக்காக மட்டும் அழுததே பிழை.

இதனை மிகையெனக் கருதுவோர் நமது கரையோரத்தின் அண்மைக்கால வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உடல்களைக் கூட்டாகப் புதைக்க நேர்ந்த அந்நாட்களிலும், இறந்தவர் யாரெனத் தேடி அலைந்தனர் உயிர் தப்பியோர். பின்னர் கொவிட் பெருந்தொற்று வந்தது. 2020 ஏப்ரல் மாதத்தில், தொற்றால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என இலங்கை அரசு வர்த்தமானி வெளியிட்டது. அடக்கம் செய்வதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருந்தும் அது செவிமடுக்கப்படவில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது நல்லடக்கம் செய்யும் முஸ்லிம்களுக்கும், அடக்க மரபுடைய பிறருக்கும் அவ்வுரிமை மறுக்கப்பட்டது. தந்தை என்றும் தாய் என்றும் அழைக்கப்பட்டோர் ஒரே இரவில் 'தொற்று' ஆயினர். பச்சிளங் குழவியின் உடலும் எரிக்கப்பட்டபோது, 2020 டிசெம்பரில் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெண்துணி கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் குழிகள் தோண்டப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிந்த உடலை மன்னிப்பு மீட்டுத் தராது.

திரைப்படம் இக்கொடுமையை விளைவித்தது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அறியாமை. ஆயினும் நோயுற்றவனை நோயாகவே காணும் பார்வை, திரையிலும் அரச ஆணையிலும் ஒன்றுபோல் இயங்கியது என்பதை மறுக்கவியலாது. பெயரை நீக்கு, உறவை நீக்கு, கூட்டமாக்கு, பின் அப்புறப்படுத்து. இப்பார்வையால் காயப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள், அதே பார்வையைத் திரையில் கண்டு வினாவின்றி ஆரவாரிப்பதே நம்மை வருத்துகிறது.

காதல் நகைச்சுவையாக அமைவதால் இவ்வகைப் படம் இப்பார்வைக்குள்தான் அடங்கிக் கிடத்தல் வேண்டும் என்பதில்லை. 'ஷோன் ஒஃப் த டெட்' படத்தில் நாயகனின் தாய் கடிபடுகிறாள். அவளைச் சுட நேரும் கட்டத்தில் சிரிப்பு அடங்கிவிடுகிறது. உருமாறிய நண்பனை அவன் இறுதியில் கொட்டிலொன்றில் கட்டி வைத்துப் பேணுகிறான்; அது வேடிக்கைதான், எனினும் நட்பை விடாத வேடிக்கை. 'வோர்ம் பொடீஸ்' இன்னும் ஒருபடி மேலே சென்று, நடைபிணம் ஒன்று காதலால் மெல்ல மெல்ல உயிர்த்தெழுவதையும், அவ்வுயிர்ப்பு பிற நடைபிணங்களுக்கும் பரவுவதையும் காட்டுகிறது. கதை எளியது, சில இடங்களில் அசட்டுத்தனமானதும்கூட. ஆயினும், காதல் நாயகனுக்கு மட்டும் உரிய சலுகை அன்று என்ற உண்மையை அது உணர்ந்திருக்கிறது.

ஆதலின் தமிழில் இனி இவ்வகைப் படங்களை எடுப்போரிடமும் பார்ப்போரிடமும் ஒன்றையே வேண்டுகிறோம். சிரியுங்கள்; பேய்களைக் கூழ் சமைக்க வைத்துச் சிரித்த மரபினர் நாம். ஆனால் திரையில் விழும் ஒவ்வோர் உடலுக்கும் ஒரு வீடு இருந்தது என்பதை மறவாதீர்கள். விரிவுரையாளர் இப்படங்களை இழித்தொதுக்காது வகுப்பறைக்குக் கொணர்ந்து, பரணியோடு அருகருகே வைத்து விவாதிக்கட்டும். பரணியின் கூழ்ப்பானையில் வெந்த கலிங்க வீரனுக்காகவும் அங்கு ஒரு வினா எழட்டும். ஒப்புரவு அறியாதவனை வள்ளுவர் இறந்தோர் வரிசையிலே சேர்த்தார். அவ்வளவுகோலின்படி நடைபிணம் எது என்பதைத் திரையில் மட்டும் தேடுவது போதாது. திரைக்கு முன்னே அமர்ந்திருப்போரிடையும் தேடுதல் வேண்டும்.