புகைக்குழாயில் ஒரு கண்!

சகோதரிகளே, வாகன வேலை ஆண்கள் பாடு என்று ஒதுங்கிவிடாதீர்கள். அந்த வேனில் போவது உங்கள் பிள்ளைகள்.

கற்பிட்டி, புத்தளம் பக்கத்து உப்புக்காற்றில் சைலன்சர் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். கம்பெனிச் சாமானுக்குப் பதிலாக வேறொன்றை வாங்கிப் பூட்டும்போது அது சரியாகப் பொருந்தாவிட்டால், இழுத்து முறுக்க விடாதீர்கள். எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாகவே பூட்டவேண்டும். றப்பர்கள் இழுபடாமல், குழாய் எங்கும் முட்டாமல் நேராக்கிய பின்பு, எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கி இறுக்கவேண்டும். கேஸ்கட் புதிதாக இருக்கட்டும். சூடேறுமுன் மூட்டுகளில் சவர்க்கார நீர் தடவி எஞ்சினை இயக்கினால், கசிகிற இடம் குமிழிவிடும்.

கசியும் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வேனில் பிள்ளை தலைவலி, குமட்டல் என்றால் பயணக் களைப்பென்று இருந்துவிடாதீர்கள். உடனே வெளிக்காற்றில் இறக்குங்கள். தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சைலன்சரைப் பார்க்காமல் மறுபடி ஏற்றவேண்டாம்.