வாசல் தேடி வந்த சோறு



எங்கள் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு வீட்டில் மௌத்து நிகழ்ந்தால், அங்கே அடுப்பு மூட்ட அயலவர் விடமாட்டார்கள். சோறும் ஆணமும் தாமாகவே வந்து சேரும். நல்ல பழக்கம்தான். ஆனால் அதே பாதையில், அடுப்படிவரை நடக்க இயலாத ஒரு மூத்தம்மா பகலுக்கு என்ன சாப்பிட்டார் என்று நாம் விசாரிப்பதுண்டா?

இதை விசாரித்த பெண்களாலேயே ‘மீல்ஸ் ஒன் வீல்ஸ்’ என்ற சேவை பிறந்தது. இங்கிலாந்தில் 1938இல் ரீடிங் சீமாட்டி தொடங்கிய பெண்கள் தொண்டர் சேவை, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் வீடிழந்தோருக்கு உணவளித்தது. 1943இல் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரில், வெளியே வரமுடியாத முதியோரின் வீடுகளுக்கே அப்பெண்கள் சாப்பாட்டைக் கொண்டு சென்றனர். பழைய குழந்தைத் தள்ளுவண்டிகளே அவர்களது வாகனம். சூடு ஆறாதிருக்க வைக்கோலும் பழைய தொப்பிகளும் உதவின.

1954இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் இச்சேவை ஆரம்பமானது. அங்கே சாப்பாட்டைச் சுமந்து சென்றவர்களில் பலர் பாடசாலை மாணவர்கள்.

அவுஸ்திரேலியாவின் டோரிஸ் டெய்லரின் கதை இன்னும் நெஞ்சைத் தொடும். சிறுவயது விபத்துகளால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். முதியோர் தமது சொந்த வீட்டிலேயே வாழ வேண்டும் என்பதற்காக 1953இல் ஓர் அமைப்பை உருவாக்கினார். மறு ஆண்டு ஆகஸ்டில், போர்ட் அடிலெய்டில் 11 தொண்டர்கள் 8 முதியோருக்கு முதல் உணவைக் கொடுத்தார்கள். எட்டுப் பேர்தான்! அதுவே தென் அவுஸ்திரேலியா முழுவதும் பரவியது.

இச்சேவையின் பயன் பசியாற்றுவதோடு முடிவதில்லை. கதவைத் தட்டுபவர், உள்ளே இருப்பவர் விழுந்து கிடக்கிறாரா, காய்ச்சலில் வாடுகிறாரா என்பதையும் பார்க்கிறார். தனிமையில் இருப்பவருக்கு நாளில் ஒரு முறையாவது மனித முகம் தெரிகிறது.

பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்க, மலைச்சரிவு வீடுகளில் தனித்திருக்கும் பெற்றோர் எம்மிடையேயும் உண்டு. பணம் வந்து சேரும். சமைத்துத் தர ஆள் வராது. இதற்குப் பெரிய சங்கமோ நிதியோ தேவையில்லை. ஏழு வீட்டார் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள்தான். சீனி, பிரஷர் வருத்தம் உண்டா என்று முன்னரே கேட்டு, உப்பையும் எண்ணெயையும் குறைத்துச் சமையுங்கள். பாத்திரத்தை வைத்துவிட்டு உடனே திரும்பாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். கூடவே உங்கள் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த தலைமுறை அப்படித்தான் பழகும்.

மௌத்துக்குப் பின் அனுப்பும் சோற்றை அவர் சாப்பிடப் போவதில்லை. இன்று அனுப்புங்கள், சகோதரிகளே!