தேக்குக்கு அட்ரஸ் எங்கே?

ராஜபாளையம்னா நாய். ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. வெளியூர் காலேஜ்ல காலடி வெச்ச நாள்ல இருந்து நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இதுதான் ஐ.டி. கார்டு. ‘எந்த ஊர்?’னு கேட்பாங்க. சொன்ன அடுத்த செகண்டே ‘பால்கோவா எங்கே?’னு கையை நீட்டுவாங்க. அந்தப் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அதாவது, வேற எங்கேயோ பாலைக் காய்ச்சிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்னு லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. ஒரு ஸ்வீட்டுக்கே சட்டப்படி அட்ரஸ் இருக்கு பாஸ்!

இந்த வாரம் நான் எடுத்துக்கிட்டது, அட்ரஸை ‘இஷ்டம் இருந்தா எழுதுங்க’னு விட்டுவெச்சிருக்கிற ஒரு சரக்கு. தேக்கு. மரம் இல்லை, மரத்தோட ஜீனோம்.

‘பயாலஜியா... ஆளை விடு சாமி’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. நானும் பன்னிரண்டாவதோட பயாலஜிக்கு டாட்டா சொன்ன இன்ஜினீயரிங் பார்ட்டிதான். ஜீனோம்ங்கறது கடைசியில ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஏ, டி, ஜி, சினு நாலே எழுத்து, வரிசையா ஓடும்.

தேக்கோட அந்த டெக்ஸ்ட் ஃபைலைப் படிச்சது நம்ம கோயம்புத்தூர்ல இருக்கிற வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம். ஆர்.யசோதாவை முதல் ஆசிரியராக் கொண்ட குழு 2018-ல ‘டி.என்.ஏ. ரிசர்ச்’ இதழ்ல கட்டுரையை வெளியிட்டாங்க. கோத்து முடிச்ச ஜீனோம் 31.7 கோடி எழுத்து. அதுல 36,172 ஜீன் இருக்குனு கணக்கு சொன்னாங்க. ஒரு எழுத்துக்கு ரெண்டு பிட்னு சுருக்கினா மொத்தமும் 80 எம்.பி.க்குள்ள அடங்கிடும். எண்பது வருஷம் நின்னு வளர்ற மரம், மொபைல்ல ஒரு வீடியோ அளவுகூட இல்லை!

ஆனா அந்த 80 எம்.பி.க்குப் பின்னாடி இருக்கிற உழைப்பு லேசுப்பட்டதில்லை. மெஷின் முழு ஜீனோமையும் ஒரே மூச்சுல படிக்காது, துண்டு துண்டாத்தான் படிக்கும். ஒரே புத்தகத்துல 151 காப்பி வாங்கி, எல்லாத்தையும் சுக்குநூறாக் கிழிச்சுக் கொட்டி, எந்தத் துண்டு எதோட சேரும்னு பார்த்துப் பார்த்து ஒட்டின மாதிரி வேலை. அந்த 151 சும்மா அடிச்சுவிட்ட நம்பர் இல்லை. கட்டுரையிலயே 151 மடங்குனு இருக்கு. பெருக்கிப் பார்த்தா தோராயமா 4,800 கோடி எழுத்து!

‘ஷேர் பண்றது’ங்கற பேச்சு இங்கேதான் ஆரம்பிக்குது. ஒட்டி முடிச்ச புத்தகத்தை மட்டும் கொடுத்தா போதுமா, கிழிச்ச துண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கணுமா? கொடுக்கணும்ங்கறதுதான் என் கட்சி. ஸ்டெப் இல்லாம ஆன்சரை மட்டும் எழுதினா நம்ம பேப்பருக்கு யாராவது முழு மார்க் போடுவாங்களா?

ஏன்னு கேளுங்க. 2019-ல அமெரிக்காவோட மிஷிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி குழு, நீளமான துண்டுகளைப் படிக்கிற மெஷினை வெச்சு இன்னொரு தேக்கு ஜீனோமை வெளியிட்டாங்க. தேக்குக்குக் குரோமோசோம் 18. அதுல 17-ஐ கிட்டத்தட்ட முழுசாவே கோத்துட்டாங்க. அவங்க சொன்ன ஜீன் கணக்கு 31,168. ஒரே மரம், ரெண்டு குழு, நடுவுல அஞ்சாயிரம் ஜீன் வித்தியாசம்! யார் பொய் சொல்றாங்கனு கேட்டா, யாருமே இல்லை. ஜீன் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுனு சாஃப்ட்வேர்தான் ஊகிக்குது. ஊகம் மாறினா எண்ணிக்கையும் மாறும். டேட்டா திறந்து கிடந்தாதான் மூணாவதா ஒருத்தன் உட்கார்ந்து ரெண்டையும் ஒப்பிட முடியும். பீரோவுல பூட்டி வெச்சா அவங்கவங்க கணக்கு அவங்கவங்களுக்குச் சரி.

கோவைக்காரங்க கட்டுரையில எனக்குப் பிடிச்ச ஒரு சங்கதி... தேக்கு இருக்கிற குடும்பத்துக்குப் பேரு லேமியேசி. அதே குடும்பத்துல இன்னொருத்தர் யார் தெரியுமா? துளசி! துளசிச் செடிக்கடியில ஆண்டாள் கிடைச்ச ஊர்க்காரங்களுக்கு இதை அழுத்திச் சொல்லணும்னு தோணுச்சு. சொல்லியாச்சு.

சரி, இந்த ஃபைலால யாருக்கு என்ன லாபம்? எங்க பெரியப்பா கதையைக் கேளுங்க. ராஜபாளையத்துக்கு வெளியே தோட்டத்து வரப்போரமா நூறு தேக்கங்கன்னு நட்டார். ‘எல்லாம் திசு வளர்ப்பு, ஒரே தாய் மரத்தோட வாரிசு, அச்சடிச்ச மாதிரி வளரும்’னு சொல்லி ஒரு நர்சரியில கொடுத்தது (பேரு வேண்டாம், விடுங்க). பதினாலு வருஷம் ஆச்சு. ஒரே வரப்பு, ஒரே தண்ணி. பாதி மரம் தொடை தண்டி இருக்கு, மீதி மணிக்கட்டு தண்டி. ‘ஏப்பா இன்ஜினீயரு, இதெல்லாம் ஒரே தாய் வயித்துப் புள்ளைகதானா?’னு என்னைக் கேட்கிறார். வாங்கின அன்னைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஆனா அன்னைக்கு அதைச் சோதிக்க அவர் கையில என்ன இருந்துச்சு?

இன்னைக்கு வழி இருக்கு. ஜீனோம்ல சில இடங்கள்ல ‘ஏடி ஏடி ஏடி’னு திக்குவாய் மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஒரு மரத்துல பத்து தடவை வந்தா, இன்னொண்ணுல பதிமூணு தடவை வரும். இப்படிப் பல இடங்கள்ல எண்ணினா அது அந்த மரத்தோட கைரேகை. கோவைக் குழு தேக்குல இந்த மாதிரி 1,82,712 இடங்களைக் கண்டுபிடிச்சாங்க. ஆறு மரங்களோட டேட்டாவைக் கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டப்போ, அதுல 16,252 இடம் மரத்துக்கு மரம் மாறுறது தெரிஞ்சுது. ஒரே தாய்னு சொல்லி விற்கிற கன்னுல ரெண்டு இலையைக் கிள்ளிச் சோதிச்சாலே குட்டு வெளிப்பட்டுடும். 1990-கள்ல தேக்கு யூனிட் போட்டா பணம் கொட்டும்னு நம்பி எத்தனை பேர் ஏமாந்தாங்க! 1998-ல அனுபவ் பிளான்டேஷன்ஸ் கவிழ்ந்ததை வீட்டுல பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. தேக்கு விஷயத்துல வாக்குறுதி இன்னைக்கு, ரிசல்ட் இருபது வருஷம் கழிச்சு. அந்த இடைவெளியிலதான் எல்லா விளையாட்டும் நடக்குது.

அடுத்தது மரக்கடை. கல்யாணத்துக்கு வீடு கட்டுறவர் போய் நின்னா பர்மா தேக்கு, கானா தேக்கு, நைஜீரியா தேக்கு, நாட்டுத் தேக்குனு அடுக்குவாங்க. விலையும் அதுக்கேத்த மாதிரி ஏறி இறங்கும். மியான்மர் 2014 ஏப்ரல்ல உருட்டுக்கட்டை ஏற்றுமதியையே நிறுத்திருச்சு. ‘இது பர்மாதான் சார்’னு கடைக்காரர் சத்தியம் பண்ணினா எதை வெச்சுச் சரிபார்க்கிறது? காட்டுல திருட்டுத்தனமா வெட்டின மரம் தோட்டத்து மரம்னு பில்லோட போனா எப்படிப் பிடிக்கிறது? காய்ஞ்ச கட்டையில இருந்து டி.என்.ஏ. எடுக்கிறது கஷ்டம், ஆனா முடியாததில்லை. எடுத்த பிறகு எதோட ஒப்பிடுவீங்க? ‘இந்தக் கைரேகை இந்த மலையோடது’னு ஏற்கனவே எழுதி வெச்ச பட்டியலோடதான். அட்ரஸ் இல்லாத பட்டியல்ல திருடனைத் தேட முடியாது.

இப்போ பட்டியல் வெச்சிருக்கிறவங்களைப் பார்ப்போம். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூணு இடத்துல பொது டேட்டா வங்கி இருக்கு. ஒண்ணுல ஏத்தினா மத்த ரெண்டுக்கும் போயிடும். யார் வேணும்னாலும் காசு கொடுக்காம எடுக்கலாம். நம்ம நாட்டுலயும் ஃபரிதாபாத்ல 2022-ல ஒரு தேசிய மையம் திறந்தாங்க. 2023-ல இருந்து அந்த மூணு வங்கியிலயும் புதுசா ஏத்துற டேட்டாவுக்கு எந்த நாடு, என்னைக்குச் சேகரிச்சதுனு சொல்லணும்னு விதி வந்துச்சு. நல்ல விதிதான். ஆனா ‘இந்தியா’னு ஒரு வார்த்தை போட்டா வேலை முடிஞ்சுது. மாநிலம், மாவட்டம், மலை எல்லாம் அவங்கவங்க விருப்பம். நிலம்பூர்த் தேக்குக்குப் புவிசார் குறியீடு கொடுத்து, அதை மத்த தேக்குல இருந்து பிரிச்சுக் காட்டுற நாடு இது. டேட்டா வங்கியில மட்டும் நிலம்பூரும் அஸ்ஸாமும் ஒரே கட்டத்துல உட்காரலாமா?

‘அப்போ டேட்டாவைக் கொடுக்கவே வேண்டாம் மாப்ள, நம்ம மரம் நம்மகிட்டயே இருக்கட்டும்’னு என் ரூம்மேட் கொதிச்சான். கேட்க வீரமாத்தான் இருக்கு. வேம்பு கேஸை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். 1994-ல ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கு ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் காப்புரிமை கொடுத்துச்சு. 2000-ல அது ரத்தாச்சு, 2005-ல அப்பீலும் தோத்துச்சு. எது காப்பாத்துச்சு? இது இந்தியாவுல ஏற்கனவே தெரிஞ்ச, பயன்பாட்டுல இருந்த சங்கதிங்கற சாட்சியம். ஊருக்கே தெரிஞ்சதை யாரும் ‘நான் கண்டுபிடிச்சேன்’னு சொந்தம் கொண்டாட முடியாது. திறந்து வெக்கிறதும் ஒரு பூட்டுதான் மாப்ள!

ஆனா அவன் கோபத்துலயும் நியாயம் இருக்கு. மிஷிகன் குழு தேக்குல டெர்பீன்ங்கற ரசாயனங்களைத் தயாரிக்கிற ஜீன்களைத் தேடிப் பிடிச்சுச்சு. பூச்சி, பூஞ்சைகிட்ட இருந்து செடி தன்னைக் காத்துக்கிறதுல அந்த ரசாயனங்களுக்குப் பங்கு உண்டு. அதுல 10 ஜீன் கட்டைப் பகுதியில ரொம்பவே சுறுசுறுப்பா இருக்கிறதையும் கண்டாங்க. இந்த மாதிரி ஜீனை வரிசையைப் பார்த்தே லேப்ல செஞ்சு, ஈஸ்ட்ல போட்டு, ரசாயனத்தை உற்பத்தி பண்ண முடியும். ஒரு இலைகூடக் காட்டுல இருந்து போக வேண்டாம். இலையைக் கொண்டுபோனா பங்கு கொடுக்கணும்னு 2014-ல அமலுக்கு வந்த நகோயா ஒப்பந்தம் சொல்லுது. ஃபைலைக் கொண்டுபோனா? அதுக்குத்தான் 2024-ல கொலம்பியாவோட காலி நகரத்துல நாடுகள் கூடி வழி சொன்னாங்க, 2025 பிப்ரவரியில ‘காலி நிதி’ ஆரம்பிச்சுது. இந்த டேட்டாவால சம்பாதிக்கிற பெரிய கம்பெனிகள் லாபத்துல 1 சதவிகிதமோ வருமானத்துல 0.1 சதவிகிதமோ போடணும். குறைஞ்சது பாதிப் பணம் பழங்குடி மக்களுக்கும் உள்ளூர் சமூகங்களுக்கும். கட்டாயம் கிடையாது, மனசு வெச்சுப் போடணும். கோயில் உண்டியல் மாதிரின்னு வெச்சுக்கங்க.

உண்டியல்ல எந்த நோட்டு யார் போட்டதுனு தெரியாது இல்லையா, அதே மாதிரி எந்த மரத்தோட டேட்டாவுக்கு எவ்வளவுனு பிரிக்கிற ஏற்பாடும் அதுல இல்லை. பங்கு பிரிக்கிற அன்னைக்கு நம்ம மலையில இருக்கிற பளியர் மக்களுக்காக ஒருத்தர் எழுந்து ‘எங்க காட்டுல இருந்து இத்தனை போயிருக்கு’னு சொல்லணும்னா, கையில காட்ட ஒரு பதிவு வேணும். ‘இந்தியா’ங்கற ஒத்தை வார்த்தையை வெச்சு அவர் என்ன காட்டுவார்?

அதுக்காக ஜி.பி.எஸ். புள்ளியையே போட்டுடாதீங்க. சந்தன மரத்தோட ஜீனோமும் 2018-ல வெளியாயிருக்கு. எந்த மரம் எங்கே நிக்குதுனு அட்சரேகை தீர்க்கரேகையோட எழுதினா கடத்தல்காரனுக்குக் கல்யாணப் பத்திரிகை வெச்ச மாதிரி. மாவட்டம், மலைத்தொடர் வரைக்கும் போதும்ங்கறது என் கணக்கு.

நம்ம ஊர்லயே ஒரு வேலை இருக்கு. 2002 பல்லுயிர் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதணும். ராஜபாளையம் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் அதுல ஏறியிருக்கானு நகராட்சியில போய்க் கேளுங்க. மாம்பழ சீஸன்ல கேட்டா ருசிச்சுக்கிட்டே எழுதலாம்.

கம்ப்யூட்டர் பார்ட்டிகளுக்கு வேற வேலை. சீனியருக்குச் சீனியர் செஞ்ச அதே லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தைக் கடைசி வருஷ ப்ராஜெக்ட்னு தூசி தட்டிக் கொண்டுபோகாதீங்க. தேக்கோட ரெண்டு ஜீனோமையும் எடுத்து, கோவைக் குழு சொன்ன கைரேகை இடங்கள் மிஷிகன் ஃபைல்ல எந்தக் குரோமோசோம்ல விழுதுனு மேப் போட்டாலே ஒரு செமஸ்டர் ஓடிடும். எங்க செட்ல மூணு பேர் ரெடி. நாலாவது ஆள் தேவை. பயாலஜி தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லை, பைத்தான் தெரிஞ்சா போதும். பால்கோவா வாங்கிட்டு வந்தா உடனே சேர்த்துக்குவோம்.