பொந்து மரத்தை வெட்டலாமா?

மாணவர்களே, ஆந்தையைக் காண மலையேற வேண்டியதில்லை. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தின் பழைய மரங்களை அந்தி வேளையில் கவனியுங்கள். சுமார் 21 செ.மீ. நீளமே உள்ள புள்ளி ஆந்தை, தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களை முறைக்கும்! அதன் அலறலை அபசகுனம் என்பது வீண் பேச்சு. அதற்குப் பயப்பட வேண்டியவை வண்டும் விட்டிலும் சுண்டெலியுமே.

இப்பறவைக்குப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்திலோ, கிளை முறிந்து உளுத்த இடத்திலோ, பழஞ்சுவர் ஓட்டையிலோதான் முட்டையிடும். நாமோ தெருவோரத்துப் பொந்து மரத்தை அடியோடு வெட்டிவிட்டு, பதிலுக்கு ஒரு கன்றை நடுகிறோம். இது ஈடாகாது என்பேன். அக்கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகுமே! ஆபத்தான கிளையை மட்டும் கழித்து, அடிமரத்தை விட்டுவைக்கலாம். அதையும், இவை குஞ்சு பொரிக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை தள்ளிப்போடலாம்.